அம்புக்குறி ஒட்டிய முதுகு

எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். 'தண்டுவடக் காயப் பராமரிப்புக் கூட்டமைப்பு உருவான விதம்' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இருநூறு சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம். கோட்டு போட்ட புகைப்படம் ஒன்றும் வேண்டுமாம். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் வெள்ளைச் சட்டையோடு வார்டில் நின்றவன் கோட்டுக்கு எங்கே போவது? இருநூறு சொல் என்பதும் நடக்காத காரியம். சிவகுமாரின் முதுகைப் பற்றிச் சொல்வதற்கே அது போதாது. ஆகையால் மலருக்கு 'பல்துறை ஒருங்கிணைப்பு', 'தொலைநோக்குப் பார்வை' என்றெல்லாம் போட்டு இரண்டு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகம். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான வார்டில் ஆண் நர்ஸாக இருந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பில் ஆண்கள் மூன்று பேர். விரிப்பில் சுருக்கம் இருந்தால் திட்டு விழும் என்பது ஒன்றைத்தான் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பிறகு திருப்பூருக்கு வந்தேன். இந்த ஊரில் நர்ஸ் என்றால் சிஸ்டர்தான், அதில் ஆண் பெண் பேதம் கிடையாது. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு நின்றாலும் "சிஸ்டர், இங்க கொஞ்சம் வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாறு வருஷம் சண்டை போட்டுப் பார்த்தேன். அப்புறம் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

எங்கள் வார்டுக்குத் தலைமை டாக்டர் கமலவேணி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அந்த அம்மாவுக்கு மரியாதை கூடிவிடும், அதுதான் அபாயம். சாதாரண நாளில் "சண்முகம், பாருங்க" என்பார். கொஞ்சம் கோபமென்றால் "ஏனுங்க சண்முகம், இதைப் பாத்தீங்களா" என்பார். "ஏனுங்க சண்முகம்ங்க, இதை நீங்க பாத்தீங்களாங்க" என்று ஆரம்பித்தால், நான் மருந்து அறையில் ஏதாவது வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். நோயாளியிடம் பேசும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். நின்றுகொண்டு பேசினால் படுத்திருப்பவருக்குக் கழுத்து வலிக்குமாம். இதனால் ஒவ்வொரு ரவுண்ட்ஸ் முடிந்த பிறகும் அவர் சேலையில் முட்டி இருக்கும் இடம் மட்டும் அழுக்காக இருக்கும்.

தண்டுவடம் அடிபட்டவருக்குக் கால் அசையாது என்பது எல்லோருக்கும் தெரியும். உணர்ச்சியும் இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நாமெல்லாம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் குத்துகிறது, மரத்துப்போகிறது, உடனே நகர்ந்துகொள்கிறோம். அவர்களுக்கு அந்தத் தகவல் வராது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து, தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகி, உள்ளே எலும்பு வரைக்கும் போய்விடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். காலையும் மாலையும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் விரல் நுனியால் அழுத்தி, மூன்று எண்ணி, எடுக்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அந்தப் பக்கம் இனி படுக்கக் கூடாது. டாக்டரம்மா இதை ஒவ்வொருவரின் முதுகிலும் வாய்விட்டு எண்ணித்தான் செய்வார்.

வார்டில் நாங்கள் ஒழுங்காகத்தான் பார்த்தோம். சிக்கல் எல்லாம் வெளியே. தென்னை மரத்திலிருந்து விழுந்தவரை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கி, சரக்கு வேனில் உட்கார வைத்துக் கொண்டுவருவார்கள். வழியிலேயே பாதிக் காரியம் கெட்டுவிடும். மிச்சம் இருப்பதை நாங்கள் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினால், கொஞ்ச நாளில் புண்ணோடு திரும்பி வருவார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களையெல்லாம் ஒன்று சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஆசைப்பட்டார். உடுமலைப்பேட்டை, காங்கேயம் ஆஸ்பத்திரிக்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், கிராம நர்ஸ்கள் என்று எல்லோருக்கும் கடிதம் போட்டுக் கூட்டம் கூட்டினோம். ஐம்பது பேருக்கு பஜ்ஜி சொல்லியிருந்தேன். வந்தது மூன்று பேர். ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். இன்னொருவர் சர்க்கரை நோய் முகாம் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்திருந்தார். மூன்றாமவர் மைக் செட்காரர். டாக்டரம்மா அந்த மூன்று பேருக்கும் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பஜ்ஜியை வார்டு முழுக்க இரண்டு நாள் சாப்பிட்டோம்.

அந்த சமயத்தில்தான் சிவகுமார் வந்து சேர்ந்தார். திருப்பூர் ஓரத்து நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். பரண் மேல் ஏதோ உதிரிப்பாகம் எடுக்க ஏறி, துணி ரோலோடு சேர்ந்து கீழே விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மனைவி செல்வி அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மூன்று மாதம் எங்களிடம் இருந்தார்கள். எல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். செல்வி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். இந்தக் குடும்பம் திரும்பி வராது என்று நான் பந்தயமே கட்டுவேன் என்று வார்டில் பெருமையடித்தேன்.

ஆறாவது வாரம் திரும்பி வந்தார்கள். வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டச் சொன்னேனா இல்லையா?" என்று குதித்தேன். சிவகுமார் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இல்லீங்க சிஸ்டர், சொந்தக்காரங்க எல்லாம் பாக்க வந்தாங்க. வந்தவங்க முன்னால எப்படீங்க படுத்துக்கிட்டுப் பேசறது? அதான் சேர்ல உக்காந்துக்கிட்டேன்."

"எத்தனை நேரம்?"

"அவங்க போற வரைக்கும்ங்க."

நம்ம ஊரில் வந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் போவார்களா? இவர் 'இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்' என்பார். அவர்கள் 'இல்லீங்க, கெளம்பறோம்' என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் இருப்பார்கள். அவர்கள் எழுந்து போகும்போது அடுத்த கூட்டம் வந்துவிடும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் பொழுது சாய்ந்த பிறகுதான் படுத்திருக்கிறார். மரியாதையால் புண் வந்த கேஸை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

டாக்டரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து, "புண்ணு மூடற வரைக்கும் உட்காரவே கூடாதுங்க சிவகுமார். குப்புறவோ பக்கவாட்டிலோதான் படுக்கணும்" என்றார். சிவகுமார் முகம் விழுந்துவிட்டது. "எத்தனை நாள் ஆகுங்க டாக்டரம்மா?" என்று கேட்டார். மூன்று மாதம், நாலு மாதம் ஆகலாம் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரே பெண் குழந்தை, இனியா. குழந்தைக்கு மலைக்கோயிலில் காது குத்துவதாக நாள் குறித்துவிட்டார்கள். அதற்குச் சரியாக நாலு மாதம் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் உட்கார முடியாவிட்டால் பெரியப்பா பையன் துரைசாமியின் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். துரைசாமி பட்டுச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டாராம்.

"காலுதானுங்க போச்சு. மடி இருக்குதுல்லங்க?" என்று சிவகுமார் கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

வீட்டிலேயே வைத்து ஆற்றலாம் என்று முடிவு செய்தோம். செல்வி வேலைக்குப் போயாக வேண்டும். ஆனால் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் நாலு பேர் அவருடைய செக்கிங் டேபிளில் வேலை செய்பவர்கள். வேறு வேறு ஷிப்டு. முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நாலு பேரையும் வார்டுக்கு வரவழைத்து, புரட்டும் முறையைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதுகெலும்பு முறுக்காமல் தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் எண்ணுவார். மூன்று என்றதும் எல்லோரும் சேர்ந்து திருப்ப வேண்டும். நோயாளியாக நானே கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

செக்கிங் பெண்களுக்குக் கை வேகம் அதிகம். ஒரு நாளைக்கு எத்தனை பனியனைத் திருப்பிப் போடுகிற கை! செல்வி "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேர் திருப்பிவிட்டார்கள், மற்ற இரண்டு பேர் நிதானமாக "மூணு"க்குக் காத்திருந்தார்கள். நான் கட்டிலைத் தாண்டித் தரையில் போய் விழுந்தேன். சரியாக அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்தார். அவர் செருப்புக்கு முன்னால் என் மூக்கு இருந்தது.

"ஏனுங்க சண்முகம், கீழ என்னங்க பண்றீங்க?" என்றார்.

"சொல்லிக் கொடுத்துட்டிருக்கேங்க டாக்டர்," என்றேன்.

எட்டு நாள் கழித்துச் சிவகுமாரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார்கள். சட்டையை விலக்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன். முதுகு, இடுப்பு, பின்பக்கம், குதிகால் என்று எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னச் சிவப்பு அம்புக்குறிகள். அதை ஏரோ ஸ்டிக்கர் என்பார்கள். செக்கிங்கில் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எந்தக் குறை தெரிந்தாலும் அதன் பக்கத்தில் இந்த ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பார்கள். "சிவப்பு தெரிஞ்சா கவனிக்கணும்" என்று நான் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா? கவனித்து, ஒட்டிவிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஸ்டிக்கர் பசை பட்ட இடம் லேசாகச் சிவந்திருக்கிறது. அடுத்த ஷிப்டுப் பெண் வந்து பார்த்து, 'அய்யோ, இங்கேயும் சிவப்பு' என்று அதற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். அதன் பசைக்கு இன்னொரு சிவப்பு, அதற்கு இன்னொரு ஸ்டிக்கர். கடைசியில் அம்புகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றன. நாலு பேரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் வேலை செய்திருந்தார்கள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க செல்விங்க," என்று ஆரம்பித்ததும் நான் மருந்து அறைப் பக்கம் நகர்ந்தேன். "இது என்னங்க, நீங்க எல்லாரும் சேர்ந்து ஒட்டுனதாங்க?"

செல்வி பயந்துபோய், "ஆமாங்க. டிபெக்ட் எதையும் விடலீங்க," என்றார்.

டாக்டரம்மா முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டிக்கராக எண்ணெய் தொட்டு எடுத்தார். எடுத்த இடத்தில் எல்லாம் விரலால் அழுத்தி, மூன்று எண்ணினார். பாதி எடுக்கும்போது அவர் முகம் மாறியது. "சண்முகம், இங்க வாங்க," என்றார். அதில் கோபம் இல்லை, வந்தேன். இடது இடுப்பில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே அழுத்தினால் தோல் வெளுக்கவில்லை. புதிய புண் ஆரம்பிக்கிற இடம். ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சட்டையை விலக்கியபோது நானும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நினைத்தவன்தான். அந்த இடத்தில் முந்தின நாளே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"இந்தக் கண்ணு நமக்கு இல்ல சண்முகம்," என்றார் டாக்டரம்மா. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். நாள் முழுக்க வெள்ளைத் துணியில் ஊசிமுனை அளவு கறையைத் தேடுகிற கண்ணுக்கு முன்னால் என் கண் எம்மாத்திரம்?

"ஸ்டிக்கர் வேண்டாங்க செல்வி. போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க," என்று சொல்லி அனுப்பினார். அங்கேதான் அடுத்த கூத்து ஆரம்பமானது.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கம்பெனியில் இருந்துகொண்டே, வீட்டிலிருந்து வந்த போட்டோவைச் செல்வி டாக்டரம்மாவுக்குத் தட்டிவிட்டார். சிவகுமாரின் பின்பக்கத்தை மிக நெருக்கத்தில் எடுத்த படம். கீழே, 'ரைட் சைடு, சிவப்பு, ரெண்டு எடம், நேத்து இல்ல' என்று எழுதியிருந்தார். அது போனது டாக்டரம்மாவுக்கு அல்ல. கம்பெனியின் 'ஷிப்மென்ட் அர்ஜென்ட்' குரூப்புக்கு.

அந்த குரூப்பில் எல்லோரும் அவசரக்காரர்கள். கட்டிங் மாஸ்டர் உடனே 'எந்த லாட்டு?' என்று கேட்டார். வாங்கும் கம்பெனிகளோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் பெண், 'ஷேடு வித்தியாசம் ரொம்ப இருக்கு. பையர் ஒத்துக்க மாட்டாங்க' என்று எழுதினாள். அயர்னிங்காரர், 'சூடு பட்ட மார்க் மாதிரி இருக்கு. ஆனா நான் இல்ல' என்று முன்கூட்டியே தப்பித்துக்கொண்டார். குவாலிட்டி மேனேஜர் ரபீக் பாய், இருபத்தைந்து வருஷ அனுபவசாலி, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலேயே, சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆணையிட்டார்: 'பீஸை டையிங்குக்கு ரிட்டர்ன் பண்ணுங்க.'

செல்வி அப்போதுதான் பார்த்தார். ஒரே வரி எழுதினார்: 'பாய், அது எங்கூட்டுக்காரருங்க.'

கம்பெனியில் அன்று மதியம் வரைக்கும் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

மாலையில் ரபீக் பாய் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு சிவகுமார் வீட்டுக்கு வந்தார். நானும் புண்ணுக்குக் கட்டு மாற்ற அங்கே போயிருந்தேன். பாய் வாசலிலேயே நின்று நெளிந்தார். "மன்னிச்சுக்க சிவா. உன்னையப் போயி டையிங்குக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

குப்புறப் படுத்திருந்த சிவகுமார் தலையை மட்டும் திருப்பி, "பரவால்லீங்க பாய். என்ன கலருங்க?" என்று கேட்டார்.

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். செல்வி மட்டும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சமையல் அறைக்குள் போய்விட்டார்.

ரபீக் பாய் சும்மா போகிற ஆள் இல்லை. இனிமேல் இந்த அவமானம் நடக்கக் கூடாது என்று அடுத்த நாள் பேட்டர்ன் மாஸ்டரை அழைத்து வந்தார். பனியன் வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர் அவர். சிவகுமாரைப் பெரிய காகிதத்தின் மேல் படுக்க வைத்து, சுற்றிக் கோடு போட்டு, அட்டையில் முதுகுப் பக்கத்து உருவம் ஒன்று வெட்டினார். தோலில் சிவப்பு எங்கே தெரிகிறதோ, அட்டையில் அதே இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். யார் குரூப்புக்குப் போனாலும் மானம் போகாது.

அட்டைச் சிவகுமார் அசல் சிவகுமாரைவிடக் கொஞ்சம் குண்டாக இருந்தார். என்ன காரணம் என்று டாக்டரம்மா கேட்டார். "தையலுக்கு சுத்தியும் அரை இஞ்ச் விட்டிருக்கேனுங்க," என்றார் பேட்டர்ன் மாஸ்டர். ஓரத்தில் பழக்க தோஷத்தில் 'XL, பேக் சைடு' என்று எழுதி, தொங்கவிட ஓட்டையும் போட்டிருந்தார்.

டாக்டரம்மாவிடம் பாய் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் எங்கள் கூட்டமைப்பின் ஆரம்பம். "ஒரு பனியன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல்னு ஏழெட்டு எடம் போகுதுங்க டாக்டர். ஒவ்வொண்ணும் வேற வேற ஆளு கம்பெனி. ஒருத்தருக்கு ஒருத்தர் மூஞ்சி கூடப் பாத்ததில்ல. ஆனா கூடவே ஒரு சீட்டு போகும். என்ன செஞ்சாச்சு, அடுத்து என்ன, யாரு பொறுப்பு, எல்லாம் அதுல இருக்கும். உங்க ஆளு ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்குப் போறப்ப கூட என்னங்க போகுது?"

"டிஸ்சார்ஜ் சம்மரி போகுதுங்க," என்றார் டாக்டரம்மா.

"அதை யாருங்க படிக்கிறாங்க?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி பீரோவைப் பார்த்தார். சம்மரி அதற்குள் ரேஷன் கார்டோடு பத்திரமாகப் பூட்டி இருந்தது.

அடுத்த வாரமே சீட்டு தயாரானது. கெட்டி அட்டை, தமிழில், பெரிய எழுத்தில். எந்தப் பக்கம் படுக்கலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம், அடுத்து யார் பார்க்க வேண்டும், அவருடைய போன் எண். பார்த்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வரவில்லை என்றால் ரபீக் பாய் போன் செய்வார். சரக்கு தாமதமானால் டையிங்காரரிடம் பேசுகிற அதே குரலில் கிராம நர்ஸிடமும் பேசினார். முதல் தடவை அந்த நர்ஸ் பயந்துபோய் எனக்கு போன் செய்து, "சிஸ்டர், யாரோ ஒருத்தர் கூப்பிட்டு 'உங்க பக்கம் ஏன் பெண்டிங்?'னு கேக்கறாருங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். ஆனால் அன்று மாலையே போய்ப் பார்த்துவிட்டார். கடிதம் போட்டு வராதவர்கள் எல்லாம் பாயின் போனுக்கு வந்தார்கள். உடுமலைப்பேட்டை ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சேர்ந்தார்கள். காங்கேயத்தில் ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் சேர்ந்தார். கூட்டத்தில் தூங்கினாரே அந்த ஓட்டுநர், அவர்தான் பின்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைப் பலகையில் படுக்க வைத்து, தலையை ஆட்டாமல், வழியெல்லாம் நாங்கள் புதிதாகத் தொடங்கிய குரூப்பில் தகவல் சொல்லிக்கொண்டே கொண்டுவந்தார். தூங்கும்போது காது திறந்திருந்தது போலிருக்கிறது.

சிவகுமாரின் புண் மெல்ல மெல்லச் சுருங்கியது. மூன்றாவது மாதக் கடைசியில் கடலை அளவு ஆயிற்று. காது குத்துக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தபோது ஒரு காலை அட்டையின் படம் வந்தது. வலது தொடையில் ஒரு அம்பு. கீழே, 'வட்டமா இருக்கு, நடுவுல ஓட்டை, அளவெடுத்த மாதிரி' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நேரத்தில் இன்னொரு புண் வந்தால் மடியும் இல்லை, மாமனும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்து நெருப்பெரிச்சல் போனேன். எனக்கு முன்னாலேயே கிராம நர்ஸ் வந்துவிட்டிருந்தார். அழுத்திப் பார்த்தோம், வெளுத்தது. நிம்மதியாக மூச்சு விட்டோம். விரிப்பை உதறினால் தையல் மெஷினில் நூல் சுற்றுகிற பாபின் ஒன்று உருண்டு ஓடியது. அய்யா பொழுது போகவில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டு மெஷின் பாகங்களைப் படுத்துக்கொண்டே ரிப்பேர் பார்த்திருக்கிறார். பாபின் தொடைக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு எப்படித் தெரியும்? இரவு முழுக்க அதன் மேல் படுத்திருந்தால் கதை வேறு.

"ரெண்டு மெஷின்தாங்க," என்று சிவகுமார் முனகினார். ஸ்பேனர் எல்லாவற்றையும் பிடுங்கி மேல் அலமாரியில் வைத்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் திரும்ப எடுத்துக் கொடுத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

அந்த வாரமே புண் மூடியது. உட்காரும் பயிற்சி ஆரம்பித்தோம். முதல் நாள் ஐந்து நிமிஷம். படுக்க வைத்துத் தோல் பார்ப்போம். அடுத்து பத்து, அடுத்து இருபது. கால் மணிக்கு ஒரு தடவை கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். குழந்தையின் எடைக்குப் பதிலாக மடியில் துணி பண்டல் வைத்துப் பழகினோம். பாய் அனுப்பிய பண்டல் அது. சிவகுமார் அதற்குத் தாலாட்டுப் பாடி எங்கள் மானத்தை வாங்கினார். காது குத்துக்கு முதல் நாள் டாக்டரம்மா வந்து, முட்டி போட்டு, முதுகு முழுக்க எண்ணிப் பார்த்தார். "அரை மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மலைக்கோயில் அடிவாரத்து மண்டபத்தில் நல்ல கூட்டம். நாலு செக்கிங் பெண்களும் வந்திருந்தார்கள், ரபீக் பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். துரைசாமி பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, எதற்கும் தயாராக, சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். சிவகுமார் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தங்கை இனியாவைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள். ஆசாரி ஒரு காது குத்தினார். குழந்தை வீறிட்டது. இன்னொரு காது குத்தினார். மண்டபமே அதிர்ந்தது. சிவகுமார் இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதுடா கண்ணு, முடிஞ்சுதுடா சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்தது. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். பட்டு வேட்டி தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்து, பரவி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சிவகுமார் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் செல்விதான் குனிந்து, "ஏனுங்க, பாப்பா உங்க மேல ஒண்ணுக்குப் போயிட்டா," என்றார்.

சிவகுமார் கீழே பார்த்தார். பிறகு ஓவென்று சிரித்தார். "அட, மாமன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!" என்று குழந்தையின் மூக்கோடு மூக்கை உரசினார். கூட்டமும் சிரித்தது. ஈரம் தோலில் நிற்கக் கூடாது என்று நான் அவசரமாகக் குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் சிவகுமார். குழந்தையைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

நான் குனிந்து, நனைந்த வேட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

"நல்ல சூடுங்க," என்றேன்.